லேடி கடா நம்பர் 24

மார்ல் ஃபோர்க், கென்டக்கி
அக்டோபர் 7, 1990

அன்புள்ள ரோவீனா கண்ணுக்கு,

இந்த வீட்டில் உன் அம்மாவும் நானும் மூச்சு விட்டுக்கொண்டு, மூன்று வேளையும் தின்றுகொண்டு சுகமாக இருக்கிறோம். உன் வலது முழங்கால் எப்படி இருக்கிறது? ஊரில் உன்னைவிட அதைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள்.

இந்த வருஷக் கூடைப்பந்து ஆட்ட அட்டவணையை ஸ்ட்ரவுட் ஐயா தீவன ஆலையின் கல்லாவுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறார். கோழித் தீவனம் வாங்க வருகிறவன்கூட அதைப் படித்துவிட்டுத்தான் மூட்டையைத் தூக்க வேண்டும். உன் ஆட்டம் இருக்கிற நாளில் எனக்கு அரை நாள் விடுப்பும் தருகிறார். முதலாளி உன் கல்லூரியில் படித்தவராகவும் அதன் நிர்வாகக் குழுவில் இருப்பவராகவும் அமைந்தது என் ஜாதகத்தில் இருக்கிற ஒரே நல்ல கட்டம்.

உன் அணியின் பெயரை வைத்து 'லேடி கடாவின் அப்பா' என்று மார்பில் எழுதிய சட்டையை அம்மா துவைத்து வைத்துவிட்டாள். கொஞ்சம் சுருங்கிவிட்டது. சட்டை சுருங்கவில்லை, நீங்கள் பெருத்துவிட்டீர்கள் என்கிறாள். பத்தாவதோடு நின்றவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரிவதில்லை.

ஆப்பிள் ஜாம் இரண்டு பாட்டில் டாய்ல் பிரகெட் கொண்டுவருவான். பெல்வுட் பக்கம் வாரம் இருமுறை தீவன லாரி ஓட்டுகிறானே, அவன்தான். பதினொரு வருஷமாக மதியச் சாப்பாட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து என் ஊறுகாயைத் தின்கிறவன், இதையாவது செய்யட்டும்.

முட்டிக்கு ஐஸ் வை.

உன் அப்பா,
வெர்லன் டாக்கெட்

*

டனவே கல்லூரி, பெல்வுட்
அக்டோபர் 19, 1990

அன்புள்ள அப்பா, அம்மா,

முழங்கால் உட்பட நாங்கள் அனைவரும் நலம். ஜாம் வந்தது. டாய்ல் மாமா பயிற்சி முடியும்வரை காத்திருந்து கையிலேயே கொடுத்தார்.

ஒரு விஷயம். போன சனிக்கிழமை வெளியூர் அணி ஒன்றுடன் பயிற்சி ஆட்டம் ஆடினோம். ஒலிபெருக்கியில் "இதோ உங்கள் லேடி கடாக்கள்" என்று சொன்னதும் எதிரணிக்காரி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஏண்டி, ஒங்க ஊர்ல கடாவப் பால் கறப்பீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். ஆண்கள் ஆடுகிற நாளில் 'டனவே' என்று மட்டும் போட்டிருக்கிறது. எங்கள் நாளில் 'லேடி' என்று இருக்கிறது. கல்லூரி என்றால் அவர்கள், நாங்கள் அதன் ஓரத்தில் தைத்த சரிகை என்கிற மாதிரி. அவர்களை யாரும் 'கனவான் கடாக்கள்' என்று கூப்பிடுவதில்லை.

அணியில் உள்ள பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். எங்களையும் வெறும் கடாக்கள் என்றே அழைக்கச் சொல்லி நிர்வாகக் குழுவுக்கு மனு கொடுக்கப் போகிறோம். கோச் ஹாஸ்கின்ஸ் அம்மா எங்கள் பக்கம். கேப்டன் என்பதால் என் கையெழுத்து முதலில் இருக்கும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அப்பா?

உங்கள் ரோவீனா

*

மார்ல் ஃபோர்க்
அக்டோபர் 28, 1990

அன்புள்ள கண்ணுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் உன் கடிதம் படித்ததிலிருந்து லேசான காய்ச்சல்.

நாற்பது வருஷம் ஆடு வளர்த்தவன் நான். கடாவுக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும். அந்த வேலைக்கு லேடியை அனுப்ப முடியாது என்பதும் தெரியும். இருந்தும் மூன்று வருஷம் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டு திரிந்தேனே, ஒரு நாளாவது உறைத்ததா? அந்தப் பெண் கேட்ட கேள்வியை நம் தொழுவத்து ஆடுகளே என்னைக் கேட்டிருக்கும், மரியாதைக்காக விட்டுவிட்டன.

ஆகவே நீ சொல்வது சரி. ஆனால் சரியானதை எல்லாம் நீயேதான் முதலில் சொல்ல வேண்டுமா? வியாழக்கிழமை ஸ்ட்ரவுட் ஐயா கேட்டார்:

"வெர்லன், பெல்வுட்ல ஒரு பொண்ணு நம்ம பேர மாத்தணும்னு குதிக்கிறாளாமே?"

"ஊர்ல நெறையப் பொண்ணுங்க இருக்காங்க ஐயா."

"டாக்கெட்னு ஒருத்தியாம்."

"அப்ப எங்களுக்குத் தூரத்துச் சொந்தமா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. டாய்ல்தான் சிரித்தான். "தூரத்துச் சொந்தமா? மூக்கு அப்படியே ஒன் மூக்குடா" என்றான். பிறகு அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பேருல என்னய்யா கொறச்சல்? எங்க அக்கா அந்தப் பேருல ஆடுனவ" என்றான்.

வேறு யாரையாவது முதலில் கையெழுத்துப் போடச் சொல், அம்மாடி. உன் அப்பன் கோழை என்று நினைத்தால் நினைத்துக்கொள். உண்மைதான்.

வெர்லன்

*

பெல்வுட்
நவம்பர் 15, 1990

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் குளிருக்கு முன் விறகு அடுக்கிவிட்டீர்களா?

உங்கள் பயத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து மனுவின் அடியில் ஒரு வட்டம் போட்டோம். பன்னிரண்டு பேரும் அதைச் சுற்றிக் கையெழுத்திட்டோம். யார் முதல், யார் கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது. கோச் அம்மா பார்த்துவிட்டு, "இது மனுவா, மந்திரத் தகடாடி?" என்றார். பிப்ரவரி 15 கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வார்கள்.

கல்லூரிப் பத்திரிகையில் மட்டும் என் படத்தைப் போட்டுவிட்டார்கள். அதைத் தடுக்க முடியவில்லை.

விடுதியில் என் அறையின் வெப்பக் கருவி கெட்டுவிட்டது. அதனால் வேறு இடத்தில் தங்கியிருக்கிறேன். இனிமேல் கடிதங்களைக் கோச் அம்மாவின் பெயருக்கு அனுப்புங்கள். உறையின் மேல் என் பெயர் வேண்டாம். ஜாமும் இப்போதைக்கு வேண்டாம், நிறைய இருக்கிறது.

முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம்.

ரோவீனா

*

மார்ல் ஃபோர்க்
டிசம்பர் 2, 1990

அன்புள்ள கண்ணுக்கு,

நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. சளிதான், வேறொன்றுமில்லை.

வெப்பக் கருவி கெட்டால் அறை மாறுவது எனக்குப் புரிகிறது. உறையில் பெயர் எழுதக் கூடாது என்பதற்கும் வெப்பக் கருவிக்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். பத்தாவதோடு நின்ற மூளை, மெதுவாகத்தான் ஓடும்.

ஆலையில் கல்லாப் பக்கத்தில் ஒரு தாள் இருக்கிறது. 'லேடி கடாக்கள் என்ற பெயரைக் காப்போம்' என்று தலைப்பு. ஸ்ட்ரவுட் ஐயா யாரையும் வற்புறுத்தவில்லை. பேனாவைச் சங்கிலியில் கட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். டாய்ல்தான் முதல் பெயர். வருகிறவர்கள் எல்லாம் போடுகிறார்கள். பல் மருத்துவர்கூடப் போட்டார். உன் அம்மா புதன்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. காரணம் அவள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு உதவி செய். அந்த நீலக் கோட்டைப் போடாதே. உன் சித்தி கொடுத்த பச்சைக் கோட்டு நல்ல சூடு. பயிற்சி முடிந்து வரும்போது கூட்டத்தோடு வா. பின்வாசல் வழியாக வராதே, அங்கே தரை வழுக்கும்.

சளி போனதும் நீளமாக எழுதுகிறேன்.

அப்பா

*

பெல்வுட்
டிசம்பர் 8, 1990

அப்பா,

நலம். இங்கே இன்னும் பனியே விழவில்லை, தரை எங்கும் வழுக்கவில்லை.

நீலக் கோட்டு என்ன செய்தது? அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்களா?

கிறிஸ்துமஸுக்கு வர இயலாது. பயிற்சி இருக்கிறது.

ரோவீனா

*

மார்ல் ஃபோர்க்
டிசம்பர் 19, 1990

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மாவும் நானும் நலம், ஆடுகளும் நலம். கறுப்புக் காது ஆடு மாத்திரம் வேலியில் தலையை விட்டு மாட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போய் நானும் மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரையும் அம்மா வந்து எடுத்தாள். ஆட்டை முதலில் எடுத்தாள்.

நேற்று முதல் பனி. லாரியின் பின்சக்கரம் இரண்டையும் மாற்றிவிட்டேன். தேவாலயத்துக் கூரை ஒழுகுகிறது. பாதிரியார் இந்த வாரம் நோவாவைப் பற்றிப் பேசினார், பொருத்தமாக இருந்தது. பெட்டைக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. சோள ரொட்டி கருகிவிட்டது. வேறு என்ன எழுத. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நீ பச்சைக் கோட்டுதானே போடுகிறாய்?

அப்பா

*

மார்ல் ஃபோர்க்
ஜனவரி 16, 1991

ரோவீனாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று கோச் அம்மா உன் அம்மாவிடம் போனில் சொன்னார்களாம். அதை வைத்துத்தான் நாலு வாரமாக ஓட்டுகிறோம். தபால் பெட்டியை நாளுக்கு மூன்று தடவை திறக்கிறேன். தபால்காரர் பயந்து ஒதுங்கிப் போகிறார்.

கையெழுத்துப் போட்டேன். பதினேழாவது பெயர். நவம்பர் 28, புதன்கிழமை காலை எட்டு மணிக்கு.

வேலை போய்விடும் என்று பயந்து போட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். அதற்கும் பயப்படுகிறவன்தான். ஆனால் இது அது இல்லை. முந்தின நாள் சாயங்காலம் நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"வெர்லன் டாக்கெட்டா? ஒம் பொண்ணு அஞ்சரைக்கு ஆட்டரங்கத்துப் பின்வாசல் வழியா வருவா. நீலக் கோட்டு. பை எடது தோள்ல. தனியாத்தான் வருவா, நூலகத்துச் சந்து வழியா. பாத்துக்க."

அவ்வளவுதான். திட்டவில்லை, மிரட்டவில்லை. 'பாத்துக்க' என்றபோது குரலில் ஒரு கரிசனம்கூட இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. ஒரு பூட்ஸ் காலிலும் ஒரு பூட்ஸ் கையிலுமாக ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் அந்தத் தாளில் இருந்தால் உன்னை விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. மறுநாள் காலையில் பேனாவைப் பிடித்தபோது சங்கிலி ஆடுகிற சத்தம் ஆலை முழுக்கக் கேட்டது.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ பயப்படுவாய். இல்லை, அதுவும் பொய். நீ பயப்படாமல் அதே வாசல் வழியாக வருவாயே என்றுதான் சொல்லவில்லை.

மாட்டுக்கும் பயந்திருக்கிறேன், பல் மருத்துவருக்கும் பயந்திருக்கிறேன், உன் அம்மாவுக்கு இன்றும் பயப்படுகிறேன். இப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு வரியாவது எழுது.

அப்பா

*

பெல்வுட்
ஜனவரி 24, 1991

அன்புள்ள அப்பா, அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே. அதனால் பழைய பொய்யையும் சொல்லிவிடுகிறேன்.

வெப்பக் கருவி கெடவில்லை. நவம்பர் 12 காலையில் என் கார் மேல் ஒரு பெட்டை ஆட்டின் தோலை விரித்து வைத்திருந்தார்கள். ஈரம் காயவில்லை. அதன் மேல் சிவப்புச் சாயத்தில் 24 என்று என் எண். அன்றிலிருந்து கோச் அம்மாவின் வீட்டு மாடியில் இருக்கிறேன். கதவுக்குக் குறுக்கே நாற்காலி வைத்துவிட்டுத் தூங்குகிறேன். உங்களுக்குச் சொன்னால் லாரியை எடுத்துக்கொண்டு வந்து என்னை வீட்டுக்குத் தூக்கிப்போய்விடுவீர்கள் என்று சொல்லவில்லை. எனக்கும் வந்துவிடலாம் என்றுதான் இருந்தது.

உங்கள் கடிதத்தை அணிக்கு வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் ஐந்தரைக்குப் பன்னிரண்டு பேரும் நீலக் கோட்டில் வந்தோம். கடன் வாங்கியது, அண்ணனுடையது, ஒருத்திக்கு அவள் அப்பாவின் மழைக்கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. எல்லார் பையும் இடது தோளில். பின்வாசல் வழியாகவே ஒன்றாக வெளியே போனோம். நூலகத்துச் சந்தில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. பன்னிரண்டு பேரும் அலறினோம். அப்புறம் ரொம்ப நேரம் சிரித்தோம்.

கையெழுத்தை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். ஆனால் எழுதிவிட்டீர்கள். இனி கறுப்புக் காது ஆட்டைப் பற்றி எழுதினால் ஆட்டைப் பற்றித்தான் என்று நம்புவேன்.

ரோவீனா

*

மார்ல் ஃபோர்க்
பிப்ரவரி 3, 1991

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இருவரும் இரண்டு தட்டு அவரைப் பருப்பு அதிகம் சாப்பிட்டோம், சுகத்துக்கு அதுவே அத்தாட்சி. ஆட்டுத் தோல் விஷயம் படித்துவிட்டு அம்மா வெளியே போய் விறகு பிளந்தாள். அடுத்த குளிர்காலத்துக்கும் சேர்த்து.

திங்கட்கிழமை ஸ்ட்ரவுட் ஐயா முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, அந்தத் தாள்ல எம் பேர அடிக்கணும்."

"அது பெல்வுட் போயிருச்சே வெர்லன். எரநூத்திப் பதினோரு பேரு."

"அப்ப எரநூத்திப் பத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"ஏன்யா, உன்ன யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களா?"

நீலக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் பேரத்தான் காப்பாத்தச் சொன்னேன். இதச் சொல்லல" என்றார். அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. பிறகு, "நீயே எழுதி அனுப்பு, நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார்.

நிர்வாகக் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அம்மா எழுத்துப் பிழை திருத்தினாள். பிழை போக நாலு வரிதான் மிஞ்சியது.

அப்பா

*

பெல்வுட்
பிப்ரவரி 16, 1991

அன்புள்ள அப்பா, அம்மா,

நலமாக இருக்கிறேன். நேற்று கூட்டம் நடந்தது.

முதலில் 'பெயரைக் காப்போம்' தாளை மேசையில் வைத்தார்கள். பிறகு எங்கள் மனுவை. வட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், "இதை எங்கேயிருந்து படிக்கிறது?" என்று கேட்டார். எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றேன். அப்புறம் தலைவர் உங்கள் கடிதத்தை எடுத்தார். "என் மகள் என்ன கோட்டு போடுகிறாள், எந்த வாசல் வழியாக வருகிறாள் என்று ஒருவன் போனில் சொன்னான். மறுநாள் கையெழுத்துப் போட்டேன். அது என் கருத்து இல்லை, என் பயம். தயவுசெய்து பயத்தை எண்ணாதீர்கள்." தலைவர் அதை இரண்டு முறை படித்தார். ஸ்ட்ரவுட் ஐயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் நான் படிப்பை முடித்துப் போய்விடுவேன். அவர்களுக்கும் அது தெரியும்.

வரும் வெள்ளி கடைசி உள்ளூர் ஆட்டம். கடைசி வருஷப் பெண்களைப் பெற்றோர் கைப்பிடித்து மைதானத்துக்குள் அழைத்து வருவார்கள். அன்றைக்கு ஜெர்சியில் 'லேடி' என்ற சொல்லின் மேல் கணுக்காலில் சுற்றுகிற ஒட்டுப்பட்டியை ஒட்டிக்கொண்டு ஆடப் போகிறோம். ஒரு சாண் பட்டி போதும். பன்னிரண்டு பேரும் ஒட்டுகிறோம். என்ன நடக்கும் என்று தெரியாது.

ஒன்று கேட்க வேண்டும். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது தலைவர் கேட்டார், யார் அந்த ஆள் என்று. போனில் வந்தது தெரியாத குரல் என்று நீங்கள் எங்கேயுமே எழுதவில்லை. எனக்கு எழுதியதிலும் இல்லை, அவர்களுக்கு எழுதியதிலும் இல்லை.

தெரியுமா, அப்பா?

ரோவீனா

*

மார்ல் ஃபோர்க்
பிப்ரவரி 20, 1991

அன்புள்ள என் கண்ணுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு, ஒரே மேசையில், பேசிக்கொண்டு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

தெரியும். 'பாத்துக்க' என்பதற்கு முன்னாலேயே தெரியும். ஐந்தரை, பின்வாசல், நீலக் கோட்டு, இடது தோளில் பை. இதெல்லாம் என் வாயிலிருந்து போனது. ஜாம் பாட்டிலைக் கையில் கொடுத்து, அவளைக் கண்டுபிடிப்பது சுலபம் டாய்ல் என்று அக்டோபரில் நானே அவனுக்குச் சொன்னது. ஒரு வார்த்தை மாற்றாமல் திருப்பிச் சொன்னான். அதற்குப் பிறகும் மூன்று மாதம் தினமும் அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவனும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எழுந்து வேறு மேசைக்குப் போனால் எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் என்ன செய்வானோ என்று பயம்.

நேற்றுக் காலை போலீஸ் ஸ்டேஷன் போனேன். டாய்லின் பெயரைச் சொன்னேன். அங்கிருந்த இளம் போலீஸ்காரர் எழுதிக்கொண்டே, "எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றார்.

"பதினோரு வருஷமா தெனம் மத்தியானம் அவன் ஜெபம் சொல்லித்தான் நான் சாப்பிடுறேன், தம்பி. கொரல் தெரியாதா?"

"கொரல மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பேசிப் பாக்குறேன்."

சாயங்காலமே டாய்லிடம் பேசியிருக்கிறார். இன்று மதியம் சாப்பாட்டுக்கு முன் அவரே ஆலைக்குப் போன் செய்து சொன்னார். ஆறு பேர் மேசையில் இருந்தோம். டாய்ல் வந்தான். வேறு இடம் காலியாக இருந்தது. வழக்கம்போல எனக்கு எதிரே உட்கார்ந்தான். ரொட்டியைப் பிரித்தான். ஜெபம் சொல்லத் தலையைக் குனிந்தான்.

"இன்னிக்கு நான் சொல்றேன், டாய்ல்" என்றேன்.

தேவாலயத்திலேயே வாயை அசைத்து ஒப்பேற்றுகிறவன் நான், உனக்குத் தெரியும். எல்லாரும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்கள்.

"கர்த்தாவே, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. வெள்ளிக்கிழம ஆட்டம் முடிஞ்சு எம் பொண்ணு ரோவீனா பின்வாசல் வழியா வெளிய வருவா. நீலக் கோட்டு போட்டிருப்பா. பை எடது தோள்ல இருக்கும். அந்த வாசல்ல நானும் அவ அம்மாவும் நிப்போம். இந்த மேசையில இருக்குற எல்லாரும் இதத் தெரிஞ்சு வச்சுக்கட்டும். ஆமென்."

ஒவ்வொருவராக ஆமென் சொன்னார்கள். பிறகு கடைசியாக டாய்ல் சொன்னான். ரொம்ப மெதுவாக, ரொம்பக் கரிசனமாக. போனில் கேட்ட அதே குரல்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். ஆட்டம் சாயங்காலம்தான் என்று தெரியும். நீ பச்சைக் கோட்டு போட வேண்டாம். அம்மாதான் லாரி ஓட்டுவாள். மதியத்திலிருந்து என் கை நடுங்குவது நிற்கவில்லை. இந்தக் கடிதத்தையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். கீழே இருக்கிற பெயர் மட்டும் நான் போட்டது. கோணலாக இருக்கும், படித்துக்கொள்.

வெர்லன் டாக்கெட்